தானாக அணைந்த கணினிகளும் வீங்கிப்போன மின்தேக்கிகளும்

தன்னைத் தானே அணைத்துக்கொள்ளத் தெரியாத சாதனமாகத்தான் மேசைக் கணினி பல ஆண்டுகள் இருந்தது. பழைய ஏ.டி. வகைப் பெட்டிகளில் முன்பக்கம் இருக்கும் பெரிய சுவிட்ச், வீட்டு மின்சாரத்தையே நேரடியாகத் துண்டிக்கும். விண்டோஸ் 95-ஐ மூடினால், இனி கணினியை அணைக்கலாம் என்று கறுப்புத் திரையில் ஆரஞ்சு எழுத்தில் ஒரு வாசகம் வரும். பார்த்தவர் எழுந்து போய் சுவிட்சைத் தட்ட வேண்டும். அவ்வளவுதான்!

1995-ல் இன்டெல் வெளியிட்ட ஏ.டி.எக்ஸ். தரநிலை இதை மாற்றியது. சுவிட்ச் வெறும் சைகை கொடுக்கும் பொத்தான் ஆனது. மின்வழங்கிப் பெட்டியை இயக்கவும் நிறுத்தவும் மதர்போர்டே ஆணையிட்டது. மின்வழங்கியும் தன் பங்குக்கு, மின்னழுத்தம் சரியாக இருக்கிறது என்று ஒரு கம்பி வழியே சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தச் சைகை நின்றால் கணினியும் நின்றுவிடும். வசதிதான். ஆனால், "ஏன் அணைந்தது?" என்ற கேள்விக்கு அதன்பிறகு ஒரே பதில் இல்லாமல் போயிற்று.

முதல் சந்தேகம் எப்போதும் சூட்டின் மேல் விழும். 2001-ல் டாம்ஸ் ஹார்ட்வேர் தளம் ஒரு வீடியோ வெளியிட்டது. ஓடிக்கொண்டிருக்கும் கணினியிலிருந்து ஹீட்சிங்கைக் கழற்றினார்கள். பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு பிழைத்தது, பென்டியம் 3 உறைந்து நின்றது, ஏ.எம்.டி.யின் அத்லான் புகைந்து செத்தது. அதைப் பார்த்தவர்களுக்குக் கணினி அணைந்தாலே மூடியைத் திறந்து விசிறியைத் துடைக்கும் பழக்கம் வந்திருந்தால் ஆச்சரியமில்லை.

அடுத்தது 2003 ஆகஸ்ட் 11. அன்று பரவத் தொடங்கிய பிளாஸ்டர் புழு, விண்டோஸ் எக்ஸ்பி கணினிகளில் 60 வினாடிக் கவுன்ட்டவுனைக் காட்டி மறுதொடக்கம் செய்யவைத்தது. இதில் ஒரு வேடிக்கை, கணினியை அணைப்பது புழுவின் நோக்கமே அல்ல! விண்டோஸ் 2000-மா, எக்ஸ்பி-யா என்று குருட்டாம்போக்கில் ஊகித்துத் தாக்கும். ஊகம் தவறினால் ஆர்.பி.சி. என்ற சேவை கவிழும், அது கவிழ்ந்தால் எக்ஸ்பி மறுதொடக்கம் ஆகும். இத்தனைக்கும் ஓட்டையை அடைக்கும் மென்பொருளை மைக்ரோசாஃப்ட் ஜூலை 16-லேயே வெளியிட்டிருந்தது. பலர் நிறுவவில்லை. அடுத்த ஆண்டு வந்த சாஸர் புழுவும் வேறொரு ஓட்டை வழியே இதே கவுன்ட்டவுனைக் காட்டியது.

ஆனால் இந்தப் புழுக்களுக்கெல்லாம் நடுவே, எந்த ஆன்டிவைரஸுக்கும் பிடிபடாத ஒரு நோய் மதர்போர்டுகளுக்குள் பரவிக்கொண்டிருந்தது. ஆங்கிலத்தில் இதற்குப் பெயரே 'கெபாசிட்டர் பிளேக்'.

பிராசஸரைச் சுற்றி வரிசையாக நிற்கும் சிறிய உருளைகள்தான் மின்தேக்கிகள். மின்வழங்கியிலிருந்து வரும் மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்வது அவற்றின் வேலை. உள்ளே அலுமினியத் தகடு, காகிதம், மின்பகுளி என்ற திரவம். மலிவாகச் செய்ய அந்தத் திரவத்தில் நிறையத் தண்ணீர் சேர்ப்பார்கள். தண்ணீர் அலுமினியத்தைத் தின்னாமல் காக்கச் சில வேதிப்பொருள்களையும் சேர்க்க வேண்டும். அவை இல்லாவிட்டால் ஹைட்ரஜன் வாயு உண்டாகி, உருளையின் தலை உப்பும். தலையில் சிலுவை போலவோ 'கே' எழுத்து போலவோ போட்டிருக்கும் கோடுகள் பிளந்து பழுப்பு நிறத்தில் கசியும். சில சமயம் கசியாமலே உள்ளே கெட்டுப்போகும். அப்போது பிராசஸருக்குப் போகும் மின்னழுத்தம் தள்ளாடும். வேலை அதிகமான நேரத்தில், அதுவும் பெட்டி சூடேறிய பிறகு, கணினி பட்டென்று நின்றுவிடும். ஆறவிட்டுப் போட்டால் மறுபடி ஓடும்! அதனால்தான் பலர் விண்டோஸை அழித்து அழித்து மீண்டும் நிறுவினார்கள், நல்ல ரேமைத் தூக்கிப் போட்டார்கள்.

1999 வாக்கில் தொடங்கிய இந்தச் சிக்கல் 2002-ன் பிற்பகுதியில்தான் தொழில்துறை இதழ்களில் வெளிவந்தது. 2003 பிப்ரவரியில் ஐ.இ.இ.இ. ஸ்பெக்ட்ரம் இதழும் எழுதியது. அப்போது உலவிய கதை துப்பறியும் நாவல் போன்றது. ஜப்பானிய நிறுவனத்தில் வேலை செய்த ஒரு விஞ்ஞானி சீனாவில் வேறு நிறுவனத்துக்குப் போய் அதே மின்பகுளியைத் தயாரித்தாராம். அங்கிருந்த ஊழியர்கள் சிலர் சூத்திரத்தைத் திருடித் தைவானில் விற்றார்களாம், ஆனால் அவர்கள் கையில் கிடைத்தது பாதிதானாம். இது நிரூபிக்கப்படவில்லை. தைவானில் தயாரான பல மின்தேக்கிகள் கெட்டுப்போனது மட்டும் உண்மை. ஏபிட் போன்ற ஒருசில மதர்போர்டு நிறுவனங்கள் தவறை ஒப்புக்கொண்டன. மற்றவை மௌனம் காத்தன.

மௌனத்தின் விலையை டெல் நிறுவனத்தின் கதையில் பார்க்கலாம். 2003 மே முதல் 2005 ஜூலை வரை, சந்தேகத்துக்குரிய பாகங்களுடன் சுமார் 1 கோடியே 18 லட்சம் ஆப்டிபிளெக்ஸ் கணினிகளை அது அனுப்பியதாக ஒரு வழக்கின் ஆவணங்கள் காட்டின. 2007-ல் தொடரப்பட்ட அந்த வழக்கின் காகிதங்கள் வெளியே வந்தபோது, 2010 ஜூனில் நியூயார்க் டைம்ஸ் விரிவாக எழுதியது. மூன்று ஆண்டுகளில் 97 சதவீதம் வரை பழுதாகலாம் என்று டெல்லுக்காகச் செய்த ஆய்வே சொல்லியிருந்தது. விற்பனையாளர்களுக்கோ, இதை வாடிக்கையாளர் கவனத்துக்கு நீங்களாகக் கொண்டுபோகாதீர்கள் என்று அறிவுரை!

டெக்சஸ் பல்கலைக்கழகக் கணிதத் துறையின் கணினிகள் பழுதானபோது டெல் சொன்ன காரணம், கடினமான கணக்குகளைப் போட்டுக் கணினியைக் களைக்க வைத்துவிட்டீர்கள் என்பதாம். கணக்குப் போடத்தானே கணினி? வழக்கில் டெல்லுக்காக வாதாடிய வக்கீல் நிறுவனமே இதே கணினிகள் ஆயிரத்தை வைத்திருந்தது. அவற்றைச் சரிசெய்து தரவும் டெல் தயங்கியது.

2005-ல் டெல் இந்தப் பழுதுகளுக்காக 30 கோடி டாலரை ஒதுக்கியது. அதே ஆண்டில் ஆப்பிளும் ஐமேக் ஜி5 கணினிகளுக்கு நீட்டித்த பழுதுபார்ப்புத் திட்டம் அறிவித்தது. 2007-க்குப் பிறகு திரவமே இல்லாத திட மின்தேக்கிகள் மதர்போர்டுகளில் அதிகமாக வந்தன. 'ஜப்பானிய மின்தேக்கி' என்று அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சடித்து விற்றார்கள். டெல் கணினிகளில் கெட்டுப்போனவையோ நிச்சிகான் என்ற ஜப்பானிய நிறுவனம் செய்தவை.