ஷரஃபியாவில் ஒரு பங்ஷன்



2000ஆம் ஆண்டளவில் ஜித்தா நகரின் ஷரஃபியாவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மலையாளிகளின் சாப்பாட்டுக் கடைகள் நிறைந்த பகுதி அது. எங்கள் கட்டிடத்தில் யாழ்ப்பாணக் குடும்பம் ஒன்றும் இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் அவர்களின் மகனுக்குக் கணிதம் சொல்லிக் கொடுப்பேன். ஒருநாள் தாயார் சிரித்தபடி சொன்னார்: "தம்பி, இவன் பங்ஷன் படிக்கிறானாம். எந்த மண்டபத்தில எண்டு கேளுங்கோ!"

பையனுக்குச் சிரிப்பு வரவில்லை. "மாமா, எஃப் போட்டு அடைப்புக்குறிக்குள்ள எக்ஸ் போட்டிருக்கு. ரெண்டையும் பெருக்க வேணுமா?" என்றான்.

பெருக்கக் கூடாது. எக்ஸை உள்ளே கொடுத்தால் என்ன வெளியே வரும் என்பதைத்தான் அது சொல்கிறது. ஆனால் பங்ஷன் என்ற சொல் அவனுக்கு எதையும் விளக்கவில்லை. எங்கள் தமிழ்மூலப் புத்தகங்களில் இருந்த சொல்லைச் சொன்னேன்: சார்பு. "நான் வீட்டுக்கு ரியால் அனுப்புகிறேன். அங்கே கிடைக்கும் ரூபா எதைச் சார்ந்தது?" என்று கேட்டேன். "நீங்கள் அனுப்புற ரியாலை" என்றான். ஒரு பேச்சுக்கு, ரியாலுக்கு 20 ரூபா, அனுப்பும் கூலி 15 ரியால் என்று வைத்தோம். 500 ரியால் கொடுத்தால் கூலி போக 485. அதை 20ஆல் பெருக்க 9,700 ரூபா. 500க்கு எப்போது கணக்குப் பார்த்தாலும் அந்த ஒரே விடைதான். அதுவே சார்பு.

இந்தக் கருத்து பெயர் வருவதற்கு முன்பே இருந்தது. ஆரியபட்டர் 499இல் இயற்றிய நூலில், கோணத்துக்குக் கோணம் அரைநாணின் நீளம் எப்படி மாறுகிறது என்று 24 எண்களில் ஓர் அட்டவணை தந்தார். வில்லின் நாணைக் குறிக்கும் ஜ்யா, ஜீவா என்ற சொற்கள் அதற்குப் பெயராயின. அரபு மொழிக்குப் போனபோது ஜீவா என்பது ஜீபா என ஒலிபெயர்க்கப்பட்டது. உயிர்க்குறியில்லாமல் எழுதியதால் பின்னர் ஜைப் என்று படித்தார்கள். ஜைப் என்றால் சட்டை மடிப்பு, பை. ஜேப்படித் திருடன் என்கிறோமே, அந்த ஜேப்புத்தான்! 12ஆம் நூற்றாண்டில் லத்தீனில் அதை மடிப்பு என்றே மொழிபெயர்த்து சைனஸ் என்றார்கள். இன்று பிள்ளைகளின் கணிப்பானில் உள்ள சைன் அதுவே.

பங்ஷன் என்ற சொல்லைக் கணிதத்துக்கு 1673இல் கொண்டுவந்தவர் லைப்னிட்ஸ். 1755இல் ஆய்லர், ஒரு கணியம் மாறும்போது அதைச் சார்ந்த இன்னொன்றும் மாறினால், அந்த இரண்டாவது கணியம் முதலாவதன் பங்ஷன் என்று விளக்கினார். தமிழ்ச் சொல் அந்த விளக்கத்தையே பெயராக்கி வைத்திருக்கிறது. 1837இல் டிரிச்லே இன்னும் தெளிவாக்கினார்: சூத்திரம் இருக்க வேண்டியதில்லை, ஒவ்வோர் உள்ளீட்டுக்கும் ஒரேயொரு வெளியீடு இருந்தால் போதும்.

"ஒண்டுக்கு ரெண்டு விடை வந்தால்?" என்று பையன் கேட்டான். அப்போது எங்கள் நாட்டுக் கணக்கு ஒன்றைச் சொன்னேன்.

1970-71 பல்கலைக்கழக அனுமதியில், பேராதனைப் பொறியியல் பீடத்துக்குச் சிங்கள மொழிமூல மாணவருக்கு வெட்டுப்புள்ளி 227. தமிழ் மொழிமூல மாணவருக்கு 250. "இருவர் 240 எடுத்தால்?" என்றேன். யோசித்தான். "ஒருவருக்கு இடம் இருக்கு, மற்றவருக்கு இல்லை. அப்ப இது பங்ஷன் இல்லை, மாமா!"

"புள்ளியை மட்டும் உள்ளீடாக வைத்தால் இல்லை. புள்ளியோடு மொழியையும் சேர்த்துப் பார். ஒவ்வொரு சோடிக்கும் ஒரே விடைதான் வரும்" என்றேன். அனுமதி இரண்டையும் சார்ந்திருந்தது. புள்ளியைத்தான் சார்ந்தது என்று நம்பிப் படித்த பிள்ளைகளுக்கு இரண்டாவது உள்ளீடு முடிவு வந்த பிறகே தெரிந்தது.

1973இல் மொழிவாரித் தரப்படுத்தல் வந்தது. அதிலே ஒருவரின் புள்ளியை உள்ளே போட்டால் மாற்றப்பட்ட புள்ளி வெளியே வரும். 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் சேர்ந்தது. அதனால் யாழ்ப்பாணமும் கொழும்பும் இடங்களை இழந்தன. வசதி குறைந்த மாவட்டங்கள், தமிழ் மாவட்டங்கள் உட்பட, பயன் பெற்றன. மொழிவாரி முறை 1977இல் கைவிடப்பட்டது. 2001இல் இசட் புள்ளி முறை வந்தது. உள்ளீடுகள் மாறின, அவற்றோடு யாருக்கு இடம் என்பதும் மாறியது.

நேயர்களே, நம்மில் பலர் நாடு விட்டு வந்த கதையில் இந்தக் கணக்கும் ஓர் அத்தியாயம். வந்த நாட்டிலும் படிவங்கள் நிரப்புகிறோம். குடிவரவுப் புள்ளி, வீட்டுக் கடன், காப்புறுதிக் கட்டணம் எல்லாவற்றிலும் ஏதோ உள்ளே போகிறது, ஒரு முடிவு வெளியே வருகிறது. அந்த முடிவு எதையெதைச் சார்ந்தது என்று கேட்கத் தெரிந்தவரை ஏமாற்றுவது கடினம்.

அன்று மாலை அந்தப் பையன் தாயாரிடம் போய்ச் சொன்னது எனக்குக் கேட்டது: "அம்மா, மண்டபம் இல்லை. சார்பு!"

உங்கள் வீட்டிலும் பிள்ளை ஒன்பதாம் பத்தாம் வகுப்பில் பங்ஷனோடு மல்லுக்கட்டினால், எனக்கு ஆங்கிலத்தில் தெரியாது என்று ஒதுங்கிவிடாதீர்கள். நீங்கள் படித்த சொல்லைச் சொல்லிக் கொடுங்கள். பாதிப் பாடம் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.