சிறுநீரின் நிறமும் இன்சுலின் அளவும்

நீரிழிவு, மதுமேகம் என்னும் இரண்டு பெயர்களும் நோயைச் சிறுநீரில் கண்டுகொண்டவர்கள் இட்டவை. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி வரை மருத்துவமனைகளும் அந்நோயைச் சிறுநீரைக் கொண்டே அளந்துவந்தன. 1776ஆம் ஆண்டு லிவர்பூல் மருத்துவர் மாத்யூ டாப்சன், நோயாளியின் சிறுநீரை வற்றக் காய்ச்சி, எஞ்சியது சர்க்கரையே என்று காட்டியதோடு, இரத்தத்தின் தெளிநீரும் இனிப்பதைக் குறித்துவைத்தார் என்றாலும், அந்த இரத்தச் சர்க்கரையைப் படுக்கையருகிலேயே அளக்கும் வழி பிறக்க ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் ஆயின.

1922 ஜனவரியில் டொரண்டோ பொது மருத்துவமனையில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு இன்சுலின் செலுத்தப்பட்டபோது, அதுவரை அரைப்பட்டினி உணவையே பெரிதும் நம்பியிருந்த மருத்துவத்துக்கு ஒரு மருந்து கிடைத்தது. எவ்வளவு கொடுப்பது என்ற கேள்வியும் அதனுடனேயே வந்தது. குறைத்துக் கொடுத்தால் சர்க்கரை ஏறும், கூட்டிக் கொடுத்தால் அது சட்டென்று தாழ்ந்து நோயாளி மயங்கி விழுவார். இரத்தப் பரிசோதனை ஆய்வுக்கூடத்தில் நேரம் பிடிக்கும் வேலையாக இருந்ததால், வார்டில் கைகொடுத்தது அமெரிக்க வேதியியலாளர் ஸ்டான்லி பெனடிக்ட் உருவாக்கிய, செம்பு கலந்த நீலக் கரைசல்தான். அதில் 5 மில்லியைச் சோதனைக் குழாயில் எடுத்து, எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டுக் கொதிக்கவைத்தால், சர்க்கரை இல்லாதபோது நீலம் நீலமாகவே நிற்கும். இருந்தால் அதன் அளவுக்கேற்பப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று மாறிச் செங்கல் சிவப்பில் போய் முடியும்.

இந்த நிறவரிசையை ஒட்டியே இன்சுலின் அளவும் வகுக்கப்பட்டது. பச்சைக்கு இவ்வளவு, சிவப்புக்கு இவ்வளவு என்று படிப்படியாக ஏறும் இந்தப் பட்டியலுக்கு ‘ஸ்லைடிங் ஸ்கேல்’ என்று பெயர். பாஸ்டனின் புகழ்பெற்ற நீரிழிவு மருத்துவர் எலியட் ஜாஸ்லின் 1930களிலேயே சிறுநீர்ச் சர்க்கரைக்கேற்ப இன்சுலின் கொடுக்கும் முறையை எடுத்துரைத்தார். முறை எளியது, ஆனால் ஏமாற்றக்கூடியது. இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டினால்தான் சிறுநீரகம் அதை வெளியே விடும் என்பதால், 170 இருப்பவருக்கும், 40க்குத் தாழ்ந்து உயிருக்குப் போராடுபவருக்கும் குழாய் ஒரே நீலத்தையே காட்டும். போதாக்குறைக்கு, சிறுநீர்ப்பையில் மணிக்கணக்கில் தேங்கியிருந்தது முன்னர் இருந்த நிலையைத்தான் சொல்லும்.

1960களில் இரத்தச் சொட்டை வைத்துப் பார்க்கும் பட்டைகளும், 1970களில் அவற்றைப் படிக்கும் கருவிகளும் பரவியபோது இக்குறை தீர்ந்தது. பட்டியல் மட்டும் போகவில்லை, நிறங்கள் இருந்த இடத்தில் எண்கள் ஏறிக்கொண்டன, அவ்வளவே. சர்க்கரை ஏறும் வரை காத்திருந்து பிறகு துரத்தும் அதன் அடிப்படைப் பிழை அப்படியே தங்கிவிட்டது. இன்சுலினே சுரக்காத முதல் வகை நோயாளிக்குச் சோறு உண்ணாத நேரத்திலும் ஓரளவு இன்சுலின் தேவை; எண் நன்றாக இருக்கிறதென்று ஊசியை நிறுத்திவிட்டால், கொழுப்பு சிதைந்து இரத்தம் அமிலமாகும் கீட்டோ அமிலநிலை அவரைத் தாக்கும்.

எதிர்த்திசையிலும் ஒரு மிகை நேர்ந்தது. 2001இல் வெளியான, பெல்ஜியத்தின் லூவன் நகரில் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்த 1,548 பேரிடம் நடந்த ஆய்வு, சர்க்கரையை 80 முதல் 110க்குள் இறுக்கிப் பிடித்தால் இறப்பு குறைவதாகக் காட்டவே, பல மருத்துவமனைகள் அவ்வழியைப் பின்பற்றின; 2009இல் வெளியான, 6,104 பேரிடம் நடந்த நைஸ்-சுகர் ஆய்வில் அதே இறுக்கம் இறப்பைக் கூட்டியது. இப்போது பெரும்பாலோருக்கு 140 முதல் 180 வரை போதும் என்பதே நடைமுறை.

ஸ்லைடிங் ஸ்கேலுக்கோ 2007 வரை நேரடியான சோதனை அரிதாகவே நேர்ந்தது. அவ்வாண்டு வெளியான ராபிட்-2 ஆய்வில், நீண்டு செயல்படும் இன்சுலினை அன்றாடமும், விரைந்து செயல்படுவதை உணவுவேளைகளிலும் முன்கூட்டியே கொடுத்தபோது 66 விழுக்காட்டினர் சர்க்கரை இலக்கை எட்டினர். பட்டியலை மட்டும் நம்பியவர்களில் எட்டியவர்கள் 38 விழுக்காடு. அந்தப் பட்டியலை மட்டும் கொண்டு உள்நோயாளிக்கு மருத்துவம் பார்ப்பதை அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் வழிகாட்டுதல்கள் ஏற்பதில்லை. ஆயினும் வார்டுக் குறிப்பேடுகளில் அது இன்றும் எழுதப்படுகிறது.