உறுப்புதோறும் ஒரு நாழிகை வட்டில்

நம் முன்னோர் ஒரு நாளை அறுபது நாழிகையாகப் பகுத்தனர். இலக்கணம் வகுத்தோர் அதே நாளை வைகறை, காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம் என ஆறு சிறுபொழுதுகளாகக் கூறு செய்தனர். நாழிகையை அளப்பதற்கு, அடியில் சிறு துளையிட்ட வட்டில் ஒன்றை நீரில் மிதக்கவிடுவர். துளைவழியே நீர் ஏறி, வட்டில் நிறைந்து மூழ்கினால் ஒரு நாழிகை. மூழ்கியதை எடுத்துக் கவிழ்த்து மீண்டும் மிதக்கவிட வேண்டும். நேயர்கள் இவ்வட்டிலை மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டுகிறேன். இத்தகைய வட்டில் ஒன்று பாலூட்டிகளின் உடலில் எங்கே இருக்கிறது என்று தேடப் புகுந்தோர், ஒன்றைத் தேடிக் கோடிக்கணக்கில் கண்ட வரலாற்றையே இன்று சொல்ல விரும்புகிறேன்.

தேடல் ஒரு செடியிலிருந்து தொடங்கிற்று. 1729-இல் பிரெஞ்சு நாட்டு அறிஞர் டி மேரான், தொட்டாற்சுருங்கி வகைச் செடியொன்றை இருட்டில் வைத்தார். கதிரவனைக் காணாத நிலையிலும் அதன் இலைகள் பகலில் விரிந்தன, இரவில் குவிந்தன. நூறாண்டு கழித்து, 1832-இல், டி கண்டோல் என்பார் அத்தகைய செடியின் சுற்று 24 மணி நேரம் அன்று, 22 அல்லது 23 மணி நேரமே என்று அளந்து காட்டினார். இச்சிறு வேறுபாட்டின் பொருள் மிகப் பெரிது. கதிரவனின் ஏதோ மறைவான ஆற்றலைச் செடி உணர்கிறது என்றால் சுற்று சரியாக 24 மணியாக அன்றோ இருத்தல் வேண்டும்? இல்லையாதலின், காலம் செடிக்குள்ளேயே அளக்கப்படுகிறது என்பது தெளிவாயிற்று.

பாலூட்டிகளில் அந்த இடம் 1972-இல் தெரியவந்தது. அமெரிக்காவில் இரண்டு ஆய்வுக் குழுவினர் தனித்தனியே எலிகளின் மூளையில், கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்திற்கு மேலே உள்ள ஒரு சிறு நரம்பணுத் தொகுதியை அழித்துப் பார்த்தனர். ஏறக்குறைய 20,000 நரம்பணுக்களே கொண்ட தொகுதி அது. அதை இழந்த எலிகளுக்கு நாளின் ஒழுங்கு அற்றுப்போயிற்று. 1990-இல் இதற்கு மறுக்க முடியாத சான்று கிடைத்தது. வெள்ளெலி இனத்தில் 20 மணிக்கொரு நாளாக வாழும் பிறவி மாறுபாடுடையவை சில இருந்தன. அவற்றின் நரம்பணுத் தொகுதியை, அத்தொகுதியை இழந்த இயல்பான வெள்ளெலிகளுக்குள் வைத்தனர். வைக்கப்பெற்றவை தமக்குரிய நாளை விடுத்து, கொடுத்தவற்றின் 20 மணி நாளை மேற்கொண்டன. வேறு எந்த உறுப்பை மாற்றினாலும் விலங்கின் நாள் இவ்வாறு மாறுமோ? மூளையே அரசன், பிற உறுப்புகள் ஏவல் கேட்பவை என்ற கருத்து இதனால் வேரூன்றியது. அன்றைய நிலையில் அது நியாயமான கருத்தே.

வட்டில் எதனால் ஆனது என்பதை ஈக்கள் காட்டின. 1971-இல் கொனொப்கா, பென்சர் என்னும் இருவர் பழ ஈக்களில் ஒரே மரபணுவின் மூன்று மாற்றங்களைக் கண்டனர்: ஒன்று நாளை 19 மணியாகக் குறைத்தது, ஒன்று 28 மணியாக நீட்டியது, மற்றொன்று ஒழுங்கையே அழித்தது. 1984-இல் அம்மரபணு பிரித்தெடுக்கப்பட்டது. ஹால், ராஸ்பாஷ், யங் என்ற மூவர் இத்துறைப் பணிக்காக 2017-இல் நோபல் பரிசு பெற்றனர். பாலூட்டிகளிலும் இதே அமைப்புத்தான். கிளாக், பிமால் என்னும் இரு புரதங்கள் சேர்ந்து பெர், கிரை என்னும் மரபணுக்களைத் தொழிற்படத் தூண்டுகின்றன. அவற்றால் விளையும் புரதங்கள் உயிரணுவில் மெல்ல மெல்லச் சேர்கின்றன. போதிய அளவு சேர்ந்ததும் உட்கருவினுள் புகுந்து, தம்மைப் பிறப்பித்த தூண்டுதலையே அடக்கிவிடுகின்றன. பின்னர் அவை சிதைகின்றன. அடக்குவார் இல்லாமையால் தூண்டுதல் மறுபடி தொடங்குகிறது. நிறைந்து மூழ்கிய வட்டில் மீண்டும் மிதக்கிறது! ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ ஒரு நாள். கவிழ்த்து வைக்க ஆள் வேண்டாத வட்டில் என்பது ஒன்றே வேறுபாடு.

இவ்வட்டில் மூளையில் மட்டுமா உள்ளது? ஜெனீவா நகரில் வுவாரின், ஷிப்லர் என்போர் எலியின் கல்லீரலிலுள்ள டி.பி.பி. என்னும் புரதத்தை ஆராய்ந்து 1990-இல் ஒரு விந்தையை வெளியிட்டனர். காலை நேரத்தில் அப்புரதம் கண்ணுக்கே அகப்படவில்லை. எற்பாட்டில் பெருகத் தொடங்கி, இரவு 8 மணிக்கு உச்சத்தை அடைந்து, மறுநாள் காலை 6 மணிக்குள் மறைந்துபோயிற்று. காலையில் கல்லீரலை அறுத்துப் பார்ப்பவர் 'இல்லை' என்பார். அந்தியில் பார்ப்பவர் 'நிறைய உண்டு' என்பார். இருவர் சொல்வதும் உண்மை. ஆய்வுக்கூடத்தில் குறிப்பெழுதும் மாணவர்கள் நாளுடன் மணியையும் குறிக்கவேண்டுவதன் காரணம் இதனின்றே விளங்கும். ஆயினும் இதை அரசனின் கட்டளைக்குக் கல்லீரல் பணிவதாகவே கொள்ள இடமிருந்தது.

1998-இல் அதே ஷிப்லரின் ஆய்வுக்கூடத்தில் பல்சலோப்ரே, டமியோலா ஆகியோர் செய்த சோதனையே இவ்வரலாற்றின் திருப்புமுனை என்று நான் கருதுகிறேன். எலியின் இணைப்புத் திசுவிலிருந்து வந்து, பல்லாண்டுகளாக ஆய்வுக்கூடத் தட்டுகளிலேயே பெருகிவந்த உயிரணுக்களை எடுத்துக்கொண்டனர். அவற்றுக்கு மூளை இல்லை; கண் இல்லை; பகலிரவும் இல்லை. குதிரைக் குருதியின் தெளிநீரை இரண்டு மணி நேரம் அவற்றின்மேல் செறிவாக ஊற்றிவைத்தனர். உடனே அவ்வுயிரணுக்களின் மரபணுக்கள் ஏறியும் இறங்கியும் தொழிற்படலாயின. சுற்று ஒன்றுக்குச் சராசரி இருபத்திரண்டரை மணி. அரசனையே அறியாத குடிகளிடம் வட்டில் இருந்தது!

ஐயம் அத்துடன் தீரவில்லை. 2000-இல் யமசாகி முதலியோர், மின்மினிப் பூச்சி ஒளிர்வதற்குக் காரணமான புரதத்தின் மரபணுவை எலியின் பெர் மரபணுவோடு இணையுமாறு செய்தனர். பெர் தொழிற்படும்போதெல்லாம் திசு மெல்லென ஒளிரும். மூளைத் தொகுதியின் ஒளி 32 நாள் வரை ஏறி இறங்கியது. கல்லீரல், நுரையீரல், தசை ஆகியவற்றின் அலையோ சில நாளிலேயே அடங்கிற்று. ஆகவே மூளை இன்றேல் பிற வட்டில்கள் நின்றுவிடும் எனப்பட்டது. 2004-இல் வேறுவகையில் ஒளிரும் சுண்டெலிகளைக் கொண்டு பார்த்தபோது, உடலின் பிற திசுக்களும் 20 நாளுக்கு மேல் சுழன்றன. முன்னர் அடங்கியதாகத் தோன்றியது ஏன்? பஜனைக் கூடத்தில் முன்பாடுபவர் தாளத்தை நிறுத்தியபின், கூட்டத்தார் ஒவ்வொருவரும் தத்தம் போக்கில் தட்டினால் தாளம் கேளாது; தட்டுதல் நின்றதாகப் பொருளில்லை. உயிரணுக்களும் அவ்வாறே ஒன்றைவிட்டு ஒன்று விலகியிருந்தன. ஆதலின் மூளைத் தொகுதியை அரசன் என்பதினும் முன்பாடுபவர் என்பதே பொருந்தும்.

முன்பாடுபவருக்கு ஒளி அடையாளம் காட்டுகிறது. ஆனால் ஒளி ஒன்றே காலத்தைக் காட்டுவதன்று. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் சந்திரசேகரனும் அவர்தம் மாணவர்களும் வௌவால்களிடம் இதனைக் கண்டனர். இருண்ட குகையில் தனித்து அடைபட்ட வௌவாலின் நாள் மெல்ல விலகிச் சென்றது. வெளியே பறந்து திரும்பும் கூட்டம் வாழும் குகையில் அடைபட்ட வௌவாலோ, ஒளியைக் காணாமலே அக்கூட்டத்தின் நாளோடு ஒத்து வாழ்ந்தது. உறவினரின் அரவமே அதற்குக் காலம் காட்டியது. இதுபோல், கல்லீரலுக்குக் காலம் காட்டுவது உணவு. 2000-இல் டமியோலா முதலியோர், இரவில் உண்ணும் இயல்புடைய சுண்டெலிகளுக்குப் பகலில் மட்டும் உணவளித்தனர். ஏறக்குறைய ஒரு வாரத்தில் கல்லீரலின் மரபணுக்கள் பகலை இரவாகவும் இரவைப் பகலாகவும் மாற்றிக்கொண்டன. மூளைத் தொகுதி சிறிதும் அசையவில்லை. ஒரே உடலில் இரண்டு சிறுபொழுதுகள்!

இத்தகைய மரபணுக்கள் எத்தனை? 2014-இல் சுண்டெலியின் 12 உறுப்புகளை ஆராய்ந்தபோது, புரதம் ஆக்கும் மரபணுக்களில் 43 விழுக்காடு ஏதேனும் ஓர் உறுப்பிலாவது நாள்தோறும் ஏறி இறங்குவது தெரிந்தது. உறுப்புக்கு உறுப்பு அவை வேறுபட்டன. கல்லீரலில் சுழல்வது இதயத்தில் பெரும்பாலும் சுழல்வதில்லை. 2018-இல் பபூன் குரங்கின் 64 திசுக்களை இரண்டு மணிக்கு ஒருமுறை ஆராய்ந்தபோது அளவு 80 விழுக்காட்டையும் கடந்தது. நாம் உட்கொள்ளும் மருந்துகள் பலவும் இம்மரபணுக்களின் விளைபொருள்களையே சென்று தாக்குகின்றன. மருந்தின் அளவைப் போலவே வேளையும் ஆராயத்தக்கதாயிற்று.

இவையனைத்தும் எலியொடும் குரங்கொடும் நின்றுவிடுவன அல்ல. ஆலையிலும் மருத்துவமனையிலும் இரவெல்லாம் விழித்துப் பணிபுரிவோர் நள்ளிரவில் உண்கின்றனர். நாள்முறையைக் குலைக்கும் இத்தகைய பணி புற்றுநோய்க்குக் காரணமாகக் கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-இல் வகைப்படுத்திற்று. 2019-இல் மீண்டும் ஆராய்ந்து அதனையே உறுதி செய்தது. மனித உடலில் உணவின் வேளை என்ன செய்கிறது என்பதை இங்கிலாந்தில் 2017-இல் 10 இளைஞர்களைக் கொண்டு அளந்தனர். அவர்களின் உணவு வேளை ஐந்து மணி நேரம் தள்ளி வைக்கப்பட்டது. மூளையின் காலத்தை அறிவிக்கும் மெலடோனின் சுரப்பு இருந்த இடத்திலேயே இருந்தது. குருதியிலுள்ள சர்க்கரையின் அலை ஐந்து மணிக்கு மேல் பின்தங்கியது. கொழுப்புத் திசுவில் பெர் மரபணு நகர்ந்ததோ ஒரு மணி நேரமே.