குடும்பப் பெயரும் குருதி வழியும்

மாந்தரின் பெயர் மொழிக்கு உரியது. உடல் இயற்கைக்கு உரியது. இவ்விரண்டும் ஒரே வழியில் நடந்து வந்தனவா என்னும் வினாவிற்கு நெடுங்காலம் ஏடுகளே விடை கூறின. கடந்த கால் நூற்றாண்டாக உயிரியலும் விடை கூற முற்பட்டுள்ளது. இம்முயற்சியின் சிறப்பையும் எல்லையையும் இங்கிலாந்தின் சைக்ஸ் என்னும் குடும்பப் பெயரின் வழி நன்கு அறியலாம்.

பெயரும் பொருளும்

தமிழ் வழக்கில் தந்தை பெயரின் முதலெழுத்து தலைமுறைதோறும் மாறும். இங்கிலாந்தின் வழக்கு வேறு. 1066இல் நார்மானியர் அந்நாட்டைக் கைப்பற்றிய பின்னர் நிலவுடைமையாளரிடையே வேரூன்றத் தொடங்கிய மாறாக் குடும்பப் பெயர், 13, 14ஆம் நூற்றாண்டுகளில் எளிய மக்களிடமும் பரவியது. தொழில், ஊர், உருவம் முதலியவற்றால் அமைந்த இப்பெயர்கள் தந்தையிடமிருந்து மக்களுக்குச் சென்றன.

'சைக்ஸ்' இடத்தாற் பெற்ற பெயர். வட இங்கிலாந்து வழக்கில் 'சைக்' என்பது சிற்றோடை. நிலங்களுக்கு எல்லையாகவும் அமைவது. யார்க்சயர் மேட்டு நிலத்தில் இத்தகைய ஓடைகள் பல. ஆகவே ஓடைக்கரையில் வாழ்ந்தோர் பலர் தனித்தனியே இப்பெயரைப் பெற்றிருப்பர் என்பதே எழுத்துச் சான்றுகள் காட்டிய முடிவு. சொல்லின் பொருளை நோக்க, அது பொருத்தமானதே.

ஆய்வின் விடை

ஆணுக்கே உரிய ஒய் குரோமோசோமின் பெரும்பகுதி, கலப்பின்றித் தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்கிறது. அதன் சில இடங்களில் டி.என்.ஏ.யின் சிறு துணுக்கு ஒன்று, அடுக்குத்தொடரில் வரும் சொல்லைப்போல், மீண்டும் மீண்டும் வரும். அது எத்தனை முறை வருகிறது என்னும் எண் அரிதாகவே மாறும். ஒரே பெயருடைய இருவர்க்கு இவ்வெண்கள் பல இடங்களில் ஒத்திருப்பின், அவர்கள் ஒரு தந்தை வழியினர் எனக் கருத இடமுண்டு.

ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக மரபியல் அறிஞர் பிரையன் சைக்ஸ், தம் பெயரையே ஆய்வுப் பொருளாக்கினார். அவரும் கேத்தரின் இர்வெனும் சைக்ஸ் ஆடவர் 48 பேரிடம் நான்கு இடங்களை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். 21 பேரிடம் ஒரே அமைப்பு இருந்தது. ஒப்பிட எடுத்துக்கொண்ட பிறரிடம் அது காணப்படவில்லை. ஓடைகள் பலவாயினும் இன்றுள்ள சைக்ஸ் குடியினரின் மூதாதை ஒருவரே என்று அவர்கள் கருதினர். ஏடு சொல்லாததை உடல் சொல்லிற்று.

இம்முறை எல்லாப் பெயர்க்கும் பொருந்துவதன்று. 40 பெயர்களைக்கொண்டு லெஸ்டர் பல்கலைக்கழகத்தார் 2009இல் வெளியிட்ட ஆய்வில், அரிய பெயருடையோரிடம் நெருங்கிய ஒற்றுமை தோன்றியது. 'ஸ்மித்' போன்ற பெருவழக்குப் பெயரில் அது தோன்றவில்லை. ஊர்தோறும் கொல்லர் இருந்தனர் அல்லரோ!

எஞ்சிய 27 பேர்

அந்த 21 பேரினும் எஞ்சிய 27 பேரே வரலாற்று மாணவரின் சிந்தனைக்கு உரியவர். தத்தெடுத்தல், பெயர் மாற்றம், தாயின் குடும்பப் பெயரைச் சூடுதல், மணவுறவிற்கு அப்பாற்பட்ட பிறப்பு எனப் பல வாயில்களால் பெயரும் குருதியும் பிரியக்கூடும். இத்தகைய பிரிவு தலைமுறைக்குச் சராசரியாக 1.3 விழுக்காடு என ஆய்வாளர் மதிப்பிட்டனர். சிறு கசிவாயினும் எழுநூறு ஆண்டுகளில் அது பெருகிவிடும்.

அரச குடியும் இதற்கு விலக்கன்று. 1485இல் போரில் மாண்ட மூன்றாம் ரிச்சர்டு மன்னரின் எலும்புக்கூடு 2012இல் லெஸ்டர் நகரில் கண்டெடுக்கப்பட்டது. தாய்வழி டி.என்.ஏ. அவர் தமக்கை வழியினருடன் ஒத்தது. மூன்றாம் எட்வர்டின் ஆண்வழியினர் என ஏடுகள் கூறும் சாமர்செட் குடும்பத்தார் ஐவரின் ஒய் குரோமோசோமோ மன்னருடையதோடு ஒக்கவில்லை. அவ்வைவருள்ளும் ஒருவர் ஏனை நால்வரினின்று வேறுபட்டார். 2014இல் இம்முடிவு வெளியாயிற்று. பிரிவு எத்தலைமுறையில் நேர்ந்தது என்பதை ஆய்வு காட்டவில்லை.

தூய ஆண்வழி என்னும் பெருமிதம், அதனை மெய்ப்பிக்க எழுந்த கருவியாலேயே தளர்கிறது. எனினும் அந்த 27 பேரும் சைக்ஸ் குடியினரே. எங்கோ ஒரு தலைமுறையில் ஒரு குழந்தையை ஒருவர் தம் பெயர் சொல்லி ஏற்று வளர்த்தார். அப்பெயர் இன்றுவரை நிலைத்தது. அந்த ஏற்பு எந்தக் குரோமோசோமிலும் பதிவாவதில்லை; பெயரில் மட்டுமே பதிவாகியுள்ளது. ஆதலின் குருதி வழியை அறிந்த பின்னரும் பெயரின் வரலாறு எழுதப்பட வேண்டியதே.