பாலியின் நீர்க்கோயில்களும் வேளாண் அறிவியலும்

இந்தோனேசியாவின் பாலித் தீவில் நெல் வயல்களுக்கு ஆற்றுநீரைப் பங்கிடும் பொறுப்பைப் பல நூற்றாண்டுகளாக நீர்க்கோயில்கள் வகித்துவருகின்றன. இயற்கையைத் தெய்வத்தின் உடைமையாகக் காணும் பார்வையும், அதை அளந்து கையாளும் அறிவியலும் ஒரே வயலில் எதிரெதிரே நின்றது இங்கேதான். 1970களில் பசுமைப் புரட்சி இக்கோயில்களின் நடவு முறையை ஒதுக்கியபோது பயிர்கள் பூச்சிக்கும் நோய்க்கும் இரையாயின. கோயில்கள் செய்துவந்த வேலை என்ன என்பதைப் பின்னாளில் கணக்கிட்டுக் காட்டியதும் அறிவியலே.

சுபக்

பாலியின் ஆறுகள் எரிமலைச் சரிவுகளில் ஆழமான பள்ளங்களை அறுத்துக்கொண்டு ஓடுகின்றன. அவற்றின் குறுக்கே சிறு அணைகள் கட்டி, மலையைக் குடைந்த வாய்க்கால்கள் வழியாகப் படிக்கட்டு வயல்களுக்கு நீர் கொண்டுபோகிறார்கள். ஒரே மூலத்திலிருந்து நீர் பெறும் உழவர்களின் சங்கம் சுபக் எனப்படும். இம்முறை 9ஆம் நூற்றாண்டு முதல் இருந்துவருவதாகக் கருதப்படுகிறது. வயல் மூலையில் உள்ள சிறு பீடம் தொடங்கி, மடை, அணை, ஊற்று, ஏரி என நீர் வரும் வழியெங்கும் வழிபாட்டிடங்கள் உண்டு. ஓர் அணையை நம்பியிருக்கும் பல சுபக்குகளின் பிரதிநிதிகள் அந்த அணைக்குரிய கோயிலில் கூடி, யார் எப்போது நடுவது, எப்போது வயலைச் சும்மா போடுவது என்று முடிவு செய்கிறார்கள். நாள் குறிக்க 210 நாள் கொண்ட பாவுகோன் நாட்காட்டி பயன்படுகிறது.

இவற்றுக்கெல்லாம் மேலே பாத்தூர் எரிமலையின் ஏரியும், அதன் தெய்வமான தேவி தனுவுக்குரிய உலுன் தனு பாத்தூர் கோயிலும் உள்ளன. 1926இல் எரிமலை வெடித்ததால் இக்கோயில் பள்ளத்தாக்கிலிருந்து எரிமலை வாயின் விளிம்புக்கு இடம்பெயர்ந்தது. இதன் தலைமைப் பூசாரியான ஜேரோ கடே, தெய்வத்தின் சார்பில் பேசுபவராக மதிக்கப்படுகிறார். சுபக்குகளுக்கிடையே நீர்த் தகராறு முற்றினால் அவரிடம் வருவார்கள். புதிய வாய்க்கால் வெட்டவும் அவருடைய சம்மதத்தை நாடுவார்கள். நீர் தேவியுடையது, ஆகவே அதைப் பெறுபவர் கடன்பட்டவர் என்பதே இந்த அமைப்பின் அடித்தளம்.

பசுமைப் புரட்சியின் கணக்கு

குறைந்த நாளில் விளையும் புதிய நெல் ரகங்கள், உரம், பூச்சிமருந்து ஆகியவற்றை ஒரே தொகுப்பாக இந்தோனேசிய அரசு 1970களில் பாலிக்குக் கொண்டுவந்தது. முடிந்தவரை அடிக்கடி நடுங்கள், கோயில் முறைக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று உழவர்கள் ஊக்குவிக்கப்பட்டார்கள். முதலில் விளைச்சல் கூடியது. பிறகு ஒரே ஆற்றின் வயல்களில் எங்கேனும் ஒரு பயிர் எப்போதும் பச்சையாக நின்றதால், தமிழக உழவர்கள் புகையான் என்று அழைக்கும் தத்துப்பூச்சி பெருகியது. அதைத் தாங்கும் ஐ.ஆர். 36 ரகம் வந்தது. அந்த ரகத்தைத் துங்ரோ வைரஸ் நோய் தாக்கியது. மருந்தடிப்பு கூடக்கூட, பூச்சியைத் தின்னும் சிலந்தி முதலான உயிர்களும் அழிந்தன. 1986இல் அரசே நெற்பயிருக்கான 57 பூச்சிமருந்துகளைத் தடைசெய்யும் நிலை வந்தது.

உரத்தின் கதையும் இதுபோன்றதே. எரிமலைப் பாறையிலிருந்து கரைந்துவரும் பாஸ்பரஸும் பொட்டாசியமும் பாசன நீரிலேயே ஓரளவு கிடைத்துவந்தன. அதைக் கருதாமல் வெளியிலிருந்து இட்ட உரத்தின் ஒரு பகுதி நீரோடு கடலுக்குப் போயிற்று.

ஆசிய வளர்ச்சி வங்கியின் நிதியில் 1979இல் தொடங்கிய பாசனத் திட்டமும் கோயில்களைக் கணக்கில் கொள்ளவில்லை. கோயில்களின் ஒருங்கிணைப்புக்குப் பதிலாகத் தொழில்நுட்பத்தையும் அலுவலக நிர்வாகத்தையும் புகுத்தியது எதிர்விளைவையே தந்தது என்று 1988இல் வங்கியின் சொந்த மதிப்பீடு ஒப்புக்கொண்டது. இதில் எந்த நிபுணரையும் அறிவற்றவர் என்று சொல்ல முடியாது. நெற்செடி பற்றியும் உரம் பற்றியும் அவர்கள் அறிந்திருந்தது சரியே. அவர்கள் எடுத்துக்கொண்ட அலகு ஒரு வயலாக இருந்தது. பூச்சிக்கும் நீருக்கும் அலகு ஓர் ஆறு.

லான்சிங், கிரெமர் மாதிரி

மானிடவியலாளர் ஸ்டீபன் லான்சிங்கும் சூழலியலாளர் ஜேம்ஸ் கிரெமரும் ஊஸ், பெத்தானு ஆறுகளின் 172 சுபக்குகளைக் கணினியில் மாதிரியாக அமைத்து, 1993இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட சிக்கல் எளிதாகச் சொல்லக்கூடியது. எல்லாரும் ஒரே நேரத்தில் நட்டு அறுத்தால், அறுவடைக்குப் பின் இரையின்றிப் பூச்சி மடியும்; ஆனால் எல்லாருக்கும் ஒரே நாளில் நீர் வேண்டும், ஆறு போதாது. ஆளுக்கொரு நாளில் நட்டால் நீர் போதும், பூச்சி வயல்விட்டு வயல் தாவிப் பிழைக்கும். இரண்டுக்கும் இடையே எத்தனை சுபக்குகள் சேர்ந்து நடுவது உகந்தது என்று தேடியபோது, நீர்க்கோயில்கள் வகுத்திருந்த குழுக்களின் அளவிலேயே விளைச்சல் மிகுந்தது. ஒவ்வொரு சுபக்கும் தன் அண்டையில் நன்றாக விளைந்தவரைப் பார்த்து நடவை மாற்றிக்கொள்வதாக வைத்து ஓட்டியபோதும், உண்மையான கோயில் குழுக்களை ஒத்த தொகுதிகள் தாமாகவே உருவாயின. தலைமடைக்காரர் கடைமடைக்கு நீர் விடுவதற்கான காரணமும் இதில் தெரிகிறது: கடைமடையார் நீரின்றித் தனிக்காலத்தில் நட்டால், அங்கே வளரும் பூச்சி மேலேயும் வரும்.

இம்மாதிரியின் மீது எதிர்ப்பும் எழுந்தது. மன்னர்கள், டச்சு ஆட்சி, அரசின் வரி ஆகியவை பாசனத்தில் வகித்த பங்கை அது விட்டுவிட்டது என்று மானிடவியலாளர் ஸ்டெஃபான் ஹெல்ம்ரைக் 1999இல் வாதிட்டார். கணினிக்குள் வரலாறு இல்லை என்ற அந்தக் குறை கவனிக்கத்தக்கது.

விளைச்சல் கணக்கு ஒத்துவந்ததால் தேவி தனு உண்டென்று நிறுவப்பட்டுவிடவில்லை. பூசாரிகள் தம்மை அறியாமல் பூச்சியியல் செய்துவந்தார்கள் என்று சுருக்குவதும் அவர்களுக்கு நியாயம் செய்யாது. முதல் நீர் திறக்கும்போது நடக்கும் மாப்பாக் தோயா சடங்கில் உழவர் நீரை வரவேற்று வணங்குகிறார். பெற்றதற்கு என்ன திருப்பித் தர வேண்டும் என்ற கேள்வியே அங்கே முன்நிற்கிறது. மாதிரியோ டன்னில் விளைச்சலை மட்டும் எண்ணுகிறது. கடன் உண்டா, இல்லையா என்பதைச் சோதித்துச் சொல்லும் கருவி அறிவியலிடம் இல்லை. அதேபோல், புதிதாக வரும் வைரஸை இனங்காணும் வழி கோயிலிடம் இல்லை.

சுபக் நிலப்பரப்பை யுனெஸ்கோ 2012இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. தெய்வம், மனிதர், இயற்கை மூன்றுக்கும் இடையிலான இணக்கத்தைக் குறிக்கும் திரி ஹித கரண என்ற கோட்பாடு அந்த அறிவிப்பின் பெயரிலேயே இடம்பெற்றது. எனினும் சுற்றுலா விடுதிகளுக்காக வயல்கள் விற்கப்படுவது நிற்கவில்லை. நடுவே ஒரு வயல் கட்டடமானால் அதன் கீழுள்ள வயல்களுக்குப் போகும் வாய்க்கால் அறுபடலாம், சேர்ந்து நடும் சுபக்கில் ஓர் உறுப்பினரும் குறைகிறார்.