காப்பியும் பழைய எச்சரிக்கையும்

சேர்வராயன் மலைக்குக் காப்பிச் செடி வந்தது 1820-ஐ ஒட்டி, சேலம் கலெக்டர் காக்பர்ன் காலத்தில். வெகுகாலம் அந்தக் காப்பியைப் பித்தளைத் தம்ளரில் குடித்தோம். பிறகு, கொதிக்கக் கொதிக்கப் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுக்கும் நாகரிகம் வந்தது. ஏற்காட்டு ஒண்டிக்கடையிலும் அதை நான் கண்டதுண்டு.

நாகரிகம் புதிது, எச்சரிக்கை பழையது. கண்ணாடி போன்ற கெட்டிப் பிளாஸ்டிக்குக்கு மூலமான 'பிஸ்பினால் ஏ' என்ற சரக்கை 1891-லேயே ருஷ்ய ரசாயன நிபுணர் டியானின் உண்டாக்கினார். 1936-ல் லண்டனில் டாட்ஸும் லாஸனும் அதை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பெண்மைக்குரிய ஹார்மோனின் வேலையை அது செய்தது! 1938-ல் அதைவிட வீரியமான செயற்கை ஹார்மோன் ஒன்று கிடைக்கவே, இதை மருந்தாக யாரும் சீந்தவில்லை. அந்த வீரிய மருந்தைத் தின்ற கர்ப்பிணிகளின் பெண் மக்களிடம் அபூர்வமான புற்றுநோயை 1971-ல் டாக்டர்கள் கண்டார்கள். சீந்தப்படாத சரக்கோ 1950-களில் பிளாஸ்டிக்காகி, பின்னர் குழந்தையின் பால் புட்டியாகவே வீட்டுக்குள் வந்துவிட்டது. இந்தியாவில் புட்டிகளிலிருந்து அதை விலக்கியது 2015-ல்தான்.

2019 ஜனவரி 1 முதல் தமிழக அரசு பிளாஸ்டிக் பைகளையும் தம்ளர்களையும் தடை செய்தது. சட்டம் கடைவீதிவரை வரும். அடுப்பங்கரைக்குள் நாம்தான் காவல். சூடும் எண்ணெயும் பட்டால் பிளாஸ்டிக்கில் சேர்த்த சரக்குகள் சிறுகச் சிறுக உணவில் இறங்கும். காப்பி வாங்கத் தூக்கும், ஊறுகாய்க்குப் பீங்கான் ஜாடியும் பரணில்தானே இருக்கின்றன? இறக்கிக் கழுவி வைத்தால் போதும்.