பழைய கார் வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது

சில ஆண்டுகளுக்கு முன்னர் கனடாவில் வாழும் நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "அண்ணை, யாழ்ப்பாணத்திலை ஏ போர்ட்டி கேம்பிறிட்ஜ் ஒண்டு விலைக்கு நிக்குதாம். ஒருக்காப் போய்ப் பாத்துச் சொல்லுங்கோ" என்றார். அவருடைய தகப்பனார் அத்தகைய காரைத்தான் வாடகைக்கு ஓட்டிப் பிள்ளைகளைப் படிப்பித்தார். எனக்குச் செய்தி எழுதத் தெரியுமேயன்றி இயந்திரம் தெரியாது. ஆகவே ஐம்பது ஆண்டுகளாக இத்தகைய கார்களைத் திருத்தி வரும் மெக்கானிக் ஒருவரையும் அழைத்துக்கொண்டு சென்றேன். அன்று அவரிடம் கற்றதை, நான் அறிந்த வரலாற்றோடு சேர்த்து இங்கே பதிந்து வைக்கிறேன்.

பிரித்தானியாவில் ஒஸ்ரின் நிறுவனம் 1947இல் ஏ 40 டெவனையும், 1952இல் சோமசெற்றையும், 1954இல் கேம்பிறிட்ஜையும் வெளியிட்டது. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மொறிஸ் மைனர் 1948இல் வந்தது. இவை இலங்கையில் இவ்வளவு காலம் நிலைத்ததற்குக் காரணம் பற்று மட்டுமன்று. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாகக் கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1977இல் திறந்த பொருளாதாரம் வரும்வரை இருந்த கார்களைத் திருத்தித் திருத்தி ஓட்டுவதைத் தவிர மக்களுக்கு வேறு வழியிருக்கவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டு, 2025இல் தளர்த்தப்படும்வரை பழைய கார்களின் விலை ஏறியதைக் கண்டபோது அந்தக் காலமே என் நினைவுக்கு வந்தது.

நாம் பார்க்கச் சென்ற கார் பளபளவென்று நின்றது. நான் பொனற்றைத் திறக்கச் சொல்லப் போனேன். மெக்கானிக் கையைப் பிடித்து நிறுத்தினார். "எஞ்சினைப் பாக்கிறதுக்கு முன்னம் புத்தகத்தைப் பாருங்கோ ஐயா. எஞ்சின் பழுதெண்டால் நான் செய்து தருவன். புத்தகம் பழுதெண்டால் ஒருத்தராலையும் செய்யேலாது" என்றார். அவர் சொன்ன புத்தகம் வாகனப் பதிவுப் புத்தகம்.

முதலில் இலக்கத் தகட்டைப் பார்த்தோம். ஈ.என். என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தன. சீ.ஈ., சீ.என்., ஈ.எல்., ஈ.என்., ஈ.வை. என்ற தொடர்கள் எல்லாம் சிங்கள ஸ்ரீ எழுத்துக்கு முற்பட்டவை. 1957இல் அந்த எழுத்து வாகனத் தகடுகளில் புகுத்தப்பட்டது. தமிழரசுக் கட்சி அதனை எதிர்த்தது. 1958இல், புதிதாக அரசுடைமையான போக்குவரத்துச் சபையின் பேருந்துகள் ஸ்ரீ எழுத்தோடு வடக்கே அனுப்பப்பட்டபோது எதிர்ப்பு வலுத்தது. இங்கே சிங்கள எழுத்தின் மீது தார் பூசப்பட்டது. தெற்கே தமிழ்ப் பெயர்ப்பலகைகள் மீது தார் பூசப்பட்டது. அந்த ஏப்ரலில் பண்டா - செல்வா ஒப்பந்தம் கிழித்தெறியப்பட்டது. மே மாதத்தில் இனக்கலவரம் வெடித்தது. ஒரு தகரத் துண்டில் இவ்வளவும் அடங்கியிருக்கிறது. வாங்குபவருக்கு அது வயதைச் சொல்லும். தகடு ஒரு காலத்தையும் காரின் மாதிரி வேறொரு காலத்தையும் காட்டினால் இரண்டு கார்கள் ஒன்றாக்கப்பட்டுள்ளன என்று ஐயுற வேண்டும். புத்தகத்திலுள்ள சட்ட இலக்கத்தையும் இயந்திர இலக்கத்தையும் காரில் பொறிக்கப்பட்டவற்றோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட வேண்டும். பல கேம்பிறிட்ஜ் கார்களில் பின்னாளில் ஜப்பானிய டீசல் இயந்திரம் பொருத்தப்பட்டது. அது குற்றமன்று, ஆனால் புத்தகத்தில் பதிவாகியிருக்க வேண்டும்.

அடுத்தது உடல். டெவனுக்கும் சோமசெற்றுக்கும் தனியான அடிச்சட்டம் உண்டு. கேம்பிறிட்ஜுக்கும் மைனருக்கும் அது இல்லை, உடலே சட்டம். ஆகவே அவற்றில் கறள் என்பது அழகைப் பற்றிய கேள்வியன்று, உயிரைப் பற்றிய கேள்வி. குடாநாட்டின் உப்புக்காற்றில் கதவின் கீழுள்ள படிப்பகுதி, தரைத் தகடு, பின் வில்லுகள் பொருத்தும் இடம், ஜக் வைக்கும் இடம் ஆகியவை முதலில் அரிபடும். மெக்கானிக் துணி சுற்றிய காந்தம் ஒன்றைக் காரின் மேல் நகர்த்திக்கொண்டே வந்தார். பின் மட்காட்டில் அது ஒட்டவில்லை. பட்டி பூசி மறைக்கப்பட்ட அவ்விடத்தை உட்புறமிருந்து பார்த்தபோது விரல் நுழையும் அளவில் இரண்டு துளைகள் இருந்தன. ஷெல் துண்டு என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை.

மைனர் வாங்குவோர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அதன் முன்சில்லைத் தாங்கும் கீழ்ப் பிணைப்பு திருகுப் புரியினால் ஆனது. ஒழுங்காகக் கிறீஸ் அடிக்காவிட்டால் புரி தேய்ந்து, ஓடும்போதே சில்லு மடிந்து விழும். காரை உயர்த்திச் சில்லை மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. உதிரிப்பாகம் பற்றிக் கவலை வேண்டாம். இங்கிலாந்தின் பாத் நகரில் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயர் 1990களில் இலங்கையிலேயே உதிரிப்பாகத் தயாரிப்பைத் தொடக்கி, அவற்றைத் தம் நாட்டுக்குக் கொண்டு சென்றார்.

இறுதியாகவே இயந்திரம். 1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டதும் வடக்கிற்குப் பெற்றோல் தடை செய்யப்பட்டது. அப்போது இந்தப் பழைய கார்களே எம்மைச் சுமந்தன. இவற்றின் அமுக்க விகிதம் ஏறத்தாழ 7 மட்டுமே. எனவே மண்ணெண்ணெயைச் சகித்துக்கொண்டன. சிறு போத்தலில் பொன்போல வைத்திருந்த பெற்றோலில் சிறிது காபுரேற்றருக்குள் விட்டு, இயந்திரம் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பிரசவத்துக்குப் போனவர்களும் காயம்பட்டவர்களும் வெண்புகை கக்கிய அந்தக் கார்களில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

அதற்கான விலையை இயந்திரம் கொடுத்தது. முற்றாக எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் ரிங்குகளைக் கடந்து ஒயிலுடன் கலந்து அதனை நீர்க்கச் செய்யும். நீர்த்த ஒயிலில் பெயாரிங்குகள் தேயும்; வால்வுகளில் கரி படியும். ஆகவே வடக்கில் இருந்த காரென்றால், குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆவதைக் கண்டு மகிழக் கூடாது. அரை மணிநேரம் ஓட்டிச் சூடாக்கியபின் நீலப்புகை வருகிறதா, ஒயில் அமுக்கம் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். நான்கு சிலிண்டர்களின் அமுக்கத்தையும் தனித்தனியே அளக்க வேண்டும். எமது கார் இதில் தேறியது. யாரோ ஒழுங்காக வேலை செய்திருந்தார்கள்.

சிக்கல் புத்தகத்தில்தான் இருந்தது. விற்பவரின் பெயர் அதில் இல்லை. 2002இல் ஏ 9 பாதை திறந்த பின்னர் ஒருவரிடம் வாங்கியதாகச் சொன்னார். அந்த ஒருவர், வளவொன்றில் கைவிடப்பட்டு நின்றதை எடுத்தவராம். பதிவிலிருந்தவர் 1995 ஒக்ரோபர் 30 இடப்பெயர்வில் வலிகாமத்திலிருந்து கால்நடையாகச் சென்றவர். காரை எடுக்க எண்ணெய் இருக்கவில்லை. பின்னர் வன்னியில் காலமானார்.

விலை மலிவாக இருந்தது. "பேப்பர் எல்லாம் பிறகு பாக்கலாம்" என்றார் விற்பவர். எமது மண்ணில் எத்தனையோ வீடுகளும் காணிகளும் வாகனங்களும் இந்த ஒரு வாக்கியத்தால் கைமாறின. 2009 மே மாதத்தின் பின்னர் முள்ளிவாய்க்கால் பக்கத்தில் ஆயிரக்கணக்கில் கிடந்த வாகனங்களுக்கும் ஒவ்வொரு சொந்தக்காரர் இருந்தார். நண்பரிடம் வேண்டாம் என்றேன். அவரோ, குடும்பத்தைத் தேடிப் பார்ப்போம் என்றார்.

நான்கு மாதங்கள் சென்றன. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவு விபரம் எடுத்து, பழைய விலாசத்தில் அயலவரை விசாரித்து, பிரான்சில் இருக்கும் மகளைக் கண்டுபிடித்தோம். கார் எரிந்துபோனதென்றே அவர் எண்ணியிருந்தார். சில நிமிடங்கள் பேசவில்லை. பிறகு, "அப்பா திறப்பைக் கடைசி மட்டும் பொக்கற்றிலை வைச்சிருந்தவர்" என்றார். சகோதரர்களோடு பேசி, உரித்தாளிகள் என்ற முறையில் கையெழுத்திடச் சம்மதித்தார். விலையில் அவர்களுக்கும் ஒரு பங்கு என்று விற்பவரும் இறுதியில் ஒப்புக்கொண்டார்.

கார் இன்று நண்பரின் தமையன் வீட்டில் நிற்கிறது. வாங்க விரும்பும் வாசகர்கள் காந்தமும் அமுக்கமானியும் கொண்டு செல்லுங்கள். ஆனால் புத்தகத்தில் உள்ள பெயருக்குரியவர் அல்லது அவரது பிள்ளைகள் எங்கே என்று கேட்காமல் பொனற்றைத் திறக்க வேண்டாம்.